எண்ணக் கிளைகள்

எண்ணங்கள் வரிசையாகத் தோன்றுவன அல்ல. ஒன்றைத் தொட்டு மற்றொன்றாகக் கிளைப்பன. ஒரு பொருளை நடுவில் எழுதி, அதனைப் பற்றிய எண்ணங்களைச் சுற்றிலும் கிளைகளாக வரைந்து காட்டுவது மனவரைபடம் எனப்படும். இங்கிலாந்து நாட்டவரான டோனி புசான் 1974-ஆம் ஆண்டில் தொலைக்காட்சி வாயிலாக இம்முறையைப் பரப்பினார்.

பலர் கூடி எண்ணங்களைத் திரட்டும் முறையை வகுத்தவர் அமெரிக்கரான அலெக்ஸ் ஆஸ்பர்ன். திரட்டும்பொழுது எவர் கருத்தையும் பழித்தல் கூடாது என்பது அவர் விதி. ஆயினும், 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தபொழுது, கூடிப் பேசிய நால்வரினும் தனித்தனியே எண்ணிய நால்வரிடமிருந்தே மிகுதியான கருத்துகள் கிடைத்தன. காரணம் யாது? ஒருவர் பேசுங்கால் ஏனையோர் காத்திருத்தல் வேண்டும். அதற்குள் தோன்றிய எண்ணம் மறைந்துவிடும். இதனைப் பின்வந்த ஆய்வுகள் விளக்கின.

இணையவழி மனவரைபட மென்பொருள் இக்குறையைப் பெரிதும் நீக்க வல்லது. வெவ்வேறு ஊரினரும் ஒரே படத்தில் ஒரே வேளையில் எழுதலாம். ஒரு கிளையைப் பெயர்த்து வேறிடத்தில் பொருத்தலாம். ‘ஏரியைக் காத்தல்’ என்பது நடுப்பொருள் ஆகுக. உரக்கப் பேசும் மாணவர் பலர் தூர்வாருதலையும் கரையை உயர்த்துதலையும் எழுதுவர். கூச்சமுடைய ஒருவனோ, ‘வரத்துக்கால் அடைபட்டுள்ளது’ என்று ஓரத்தில் எழுதுவான். நீர் வரும் வழி அடைபட்டபின் தூர்வாரிப் பயன் என்னை? அவையில் ஒலியாத அச்சொல்லே முதற்கிளையாதற்கு உரியது.

எனினும், கருவி கிளைகளைத் தாங்குமேயன்றித் தானே தேர்ந்து தாராது. முதலில் தனித்து எண்ணுக. பின்னர்க் கூடித் தொகுக்க. இறுதியில் ஆராய்ந்து தெளிக. எளியோர் கருத்துக்கும் இடமளிக்கும் அவையே நன்முடிவு காணும்.