முதற்புத்தகம் முடிந்த பின்
(இலத்தீன் மேற்படிப்பைப் பற்றி ஒரு பாடம்)



வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்தில் வாழும் நமக்குத் தோல் வேலையைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. பச்சைத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு, மயிர் களைந்து, சதை சீவிப் பதனிட்டாலும் வேலை தீர்ந்துவிடாது. சாயமும் மெருகும் ஏறிய பின்தான் அது செருப்பாகவோ பையாகவோ ஆகத் தகுதி பெறுகிறது. நெடுங்காலம் நம் பக்கத்திலிருந்து பாதி பதனிட்ட தோலே மிகுதியாகக் கப்பலேறியது. 1970களில் அரசாங்கம் அந்த ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முற்றும் முடித்த தோலையும் காலணியையும் ஊக்குவித்தது. பாதி வேலையில் நிற்பவனுக்குப் பாதிக் கூலிதான் என்பதை நம் ஊர் அன்றே அறிந்துகொண்டது.

படிப்பிலும் அப்படியே. இலத்தீன் மொழியைத் தொடங்குகிறவர் பலர். முதற்புத்தகத்தோடு நிறுத்திவிடுகிறவர்கள் அவர்களில் மிகப் பலர். பெயர்ச்சொல்லின் உருபுகளையும் வினைச்சொல்லின் விகுதிகளையும் ஒப்பிக்கத் தெரியும். ஒரு பக்கத்தை வாசிக்கத் தெரியாது. அந்த இடைவெளியைத் தாண்டுவது எப்படி என்பதே இன்றைய பாடம்.

1. இந்தப் படிப்பு எதற்கு?

“பூசையே தமிழில் நடக்கும்போது இலத்தீன் எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1963 டிசம்பர் 4ல் 2ம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் தாய்மொழிக்கு இடம் கொடுத்தது. அதன்பின் இலத்தீன் நம் காதுக்கு அந்நியமாயிற்று. ஆனால் நம் குடும்பங்களின் வரலாறு இன்னும் அந்த மொழியில் பூட்டியிருக்கிறது. பழைய பங்குகளின் ஞானஸ்நானப் புத்தகங்களும் கலியாணப் புத்தகங்களும் பல இடங்களில் இலத்தீனில் எழுதப்பட்டவை அல்லவா?

அவற்றில் “நாத்துஸ்” என்றிருந்தால் பிறந்தது ஆண். “நாத்தா” என்றிருந்தால் பெண். “ஃபீலியுஸ் பெத்ரி” என்றால் இராயப்பனின் மகன். “பெத்ரி” என்பது தனிப்பெயர் அன்று, பெத்ருஸ் என்னும் பெயரின் ஆறாம் வேற்றுமை. இவ்வளவும் முதற்புத்தகம் படித்தவனுக்குத் தெரியும்.

ஆனால் கலியாணப் பதிவில் “திஸ்பென்சாத்சியோனே ஒப்தேந்தா” என்று வந்தால்? அரைகுறையாகப் படித்தவன், “ஒப்தேந்தா” ஆகாரத்தில் முடிகிறது, ஆகவே அது மணப்பெண்ணைக் குறிக்கும் என்று எண்ணிவிடுவான். உண்மைப் பொருள் வேறு: “விலக்கு பெற்று” என்பதே அது. மணமக்கள் நெருங்கிய உறவினராக இருக்கலாம். உறவு போன்ற ஒரு தடைக்கு முறைப்படி விலக்கு வாங்கிய பின்னரே கலியாணம் நடந்தது என்று பொருள். அத்தை மகள், மாமன் மகன் என்று பெண் கொடுத்து எடுக்கும் நம் நாட்டில் இந்த இரண்டு சொற்கள் சிறிய காரியமா? பாட்டன் பாட்டியின் கலியாணம் ஒழுங்காக நடந்ததற்கு அவையே சாட்சி. அதை வாசிக்கத் தெரிந்தவர் குறையக் குறைய, சாட்சி இருந்தும் ஊமையாகிவிடும்.

2. தமிழ்ப் பிள்ளையின் கைமுதல்

நம் பிள்ளைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாக இலத்தீன் படிக்கிறார்கள். பாதிக் கஷ்டம் அதனால் வருகிறது. கவனியுங்கள்:

“பாத்தெர் ஃபீலியும் ஆமாத்” – தந்தை மகனை நேசிக்கிறார்.
“ஃபீலியும் பாத்தெர் ஆமாத்” – மகனைத் தந்தை நேசிக்கிறார்.

சொற்கள் இடம் மாறினாலும் பொருள் மாறவில்லை. “ஃபீலியும்” என்பதில் உள்ள “உம்” நம் “ஐ” உருபின் வேலையைச் செய்கிறது. ஆங்கிலத்தில் இப்படி இடம் மாற்றினால் மகன் தந்தையை நேசிப்பதாகிவிடும். வினை கடைசியில் நிற்பதும், வினையின் விகுதியே நானா, நீயா, அவனா என்று காட்டுவதும் தமிழனுக்குப் புதிதல்ல. வேற்றுமை என்றால் என்ன என்று ஆங்கிலப் பிள்ளைக்கு ஒரு மாதம் விளக்க வேண்டும். நம் பிள்ளைக்கு ஒரு நாள் போதும்.

இந்த இரண்டு மொழிகளுக்கும் பாலம் கட்டியவர் வீரமாமுனிவர். 1680ல் இத்தாலியில் பிறந்த அவர், பேச்சுத் தமிழின் இலக்கணத்தை இலத்தீனில் எழுதினார். அந்நூல் 1738ல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தவரும் அவரே. இலத்தீன் வழியாக அவர் தமிழுக்கு வந்தார். தமிழ் வழியாக நாம் இலத்தீனுக்குப் போகலாம் அன்றோ?

3. கால் இடறும் இடங்கள்

இரண்டாம் படியில் மாணவன் இடறுவது பெரும்பாலும் நான்கு இடங்களில்.

முதலாவது, ஆறாம் உருபு என்று இலத்தீன் இலக்கணம் கடைசியில் வைக்கும் “அப்லாத்தீவுஸ்”. நம் “ஆல்”, “இருந்து”, “இல்” ஆகிய மூன்றின் வேலையையும் இது ஒன்றே செய்யும். ஆகவே வாசிக்கும்போதெல்லாம் “இது எதனால் என்கிறதா, எதிலிருந்து என்கிறதா, எதில் என்கிறதா?” என்று கேட்டுப் பழக வேண்டும்.

இரண்டாவது, மேலே கண்ட “விலக்கு பெற்று” போன்ற தொடர். “ஓப்பெரே ஃபினீத்தோ தோமும் ரெதியேருந்த்” என்றால் “வேலை முடிந்து வீடு திரும்பினர்” என்று பொருள். ஆங்கிலத்தில் இதை நீட்டி முழக்க வேண்டும். தமிழில் ஒரு வினையெச்சம் போதும்.

மூன்றாவது, பிறர் சொன்னதைச் சொல்லும் வாக்கியம். “தீச்சித் பாத்ரெம் வெனீரெ” – “தந்தை வருவதாகச் சொல்கிறார்.” இங்கே வருகிறவர் தந்தையே ஆனாலும், இலத்தீன் அவரை இரண்டாம் வேற்றுமையில் வைக்கும். “வருவதாக” என்னும் தமிழ்ச் சொல்லை மனதில் வைத்தால் குழப்பம் தீரும்.

நான்காவது இடத்தில் தமிழ் உதவாது; எச்சரிக்கை வேண்டும். “நூலை வாசிக்கும் சிறுவன்” என்று நாம் அடைமொழியை முன்னே வைக்கிறோம். இலத்தீனோ “சிறுவன், எவன் நூலை வாசிக்கிறானோ” என்பதுபோலப் பின்னே தொங்கவிடும். நீண்ட வாக்கியத்தில் இப்படி மூன்று நான்கு தொங்கும். முதலில் முதன்மை வினையைக் கண்டுபிடித்து அடிக்கோடிட்டு, பிறகு மற்றவற்றை அதனோடு கட்டுங்கள்.

4. படிக்கும் முறை

வினைச்சொல்லை மனனம் செய்யும்போது அதன் நான்கு வடிவங்களையும் சேர்த்தே மனனம் செய்க. “ஃபேரோ, ஃபேர்ரெ, தூலி, லாத்தும்” – “சுமத்தல்” என்னும் ஒரே சொல்லின் நான்கு முகங்கள் இவை. அகராதியில் “தூலி”யைத் தேடுகிறவன் ஏமாறுவான். “வா” என்பதே “வந்தான்” என்றும் “வருவான்” என்றும் ஆவதை அறிந்த நமக்கு இது வியப்பல்ல.

நாள்தோறும் பத்து வரி போதும். ஆனால் ஒரு நாளும் தப்பக்கூடாது. அந்தப் பத்து வரியின் பொருளைத் தமிழில் எழுதிப் பாருங்கள்.

எதை வாசிப்பது? முதலில் அர்ச். அருளப்பர் சுவிசேஷம், அர்ச். ஜெரோமின் இலத்தீனில். பாப்பரசர் தமாசுஸ் கேட்டுக்கொண்டபடி 382ம் ஆண்டளவில் ஜெரோம் அந்த வேலையைத் தொடங்கினார். வாக்கியங்கள் குறுகியவை, கதையும் நமக்குத் தெரிந்தது. அதன்பின் அர்ச். அகுஸ்தீன், அதன்பின் சீசர், சிசெரோ.

ஜெரோமின் வேதாகமம் முழுமையாக நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய பிரதி, 716ம் ஆண்டுக்கு முன் இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு மடத்தில் எழுதப்பட்டது. இப்போது இத்தாலியில் புளோரன்ஸ் நகர நூலகத்தில் இருக்கிறது. அதற்கு 500க்கும் மேற்பட்ட கன்றுத் தோல்கள் வேண்டியிருந்தன! அத்தகைய எழுதுதோல் பதனிட்ட தோல் அன்று. சுண்ணாம்பில் ஊறவைத்து, சுரண்டி, சட்டத்தில் இழுத்துக் கட்டி உலர்த்தியது. பெயர் தெரியாத தோல் தொழிலாளரின் கைகள்தான் அந்த ஏட்டை ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் நிற்கச் செய்தன. நம் வீட்டுப் பிள்ளைகள் இலத்தீனைப் பெரிய இடத்துச் சரக்கு என்று எண்ணி ஒதுங்க வேண்டியதில்லை.

5. எங்கே படிப்பது?

குருமாணவர் இலத்தீனை நன்கு அறிந்திருக்க வேண்டும் என்று 1983ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 249ம் சட்டம் கூறுகிறது. அதற்கு மேல் கற்க விரும்புவோருக்காகப் பாப்பரசர் 6ம் சின்னப்பர் 1964 பெப்ருவரி 22ல் உரோமையில் இலத்தீன் உயர்படிப்புக்கென்றே ஒரு நிலையத்தை ஏற்படுத்தி, அதைச் சலேசிய சபையாரிடம் ஒப்படைத்தார். இன்று அது சலேசியப் பல்கலைக்கழகத்தின் ஒரு பிரிவாக நடக்கிறது. 1951ல் திருப்பத்தூரில் தூய நெஞ்சக் கல்லூரியைத் தொடங்கிய அதே சபைதான் இது. ஆகவே நம் மேற்றிராசனத்துப் பிள்ளைக்கு உரோமை எட்டாத ஊர் அன்று. வழி கேட்கத் தெரிந்தவர்கள் அருகிலேயே இருக்கிறார்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் மகனோ மகளோ இந்த மொழியில் ஆசை வைத்து முதற்புத்தகத்தை முடித்திருந்தால், “இது சோறு போடுமா?” என்ற ஒரே கேள்வியால் அந்த ஆசையை அணைத்துவிடாதீர்கள். வேறு தொழிலுக்குப் படித்துக்கொண்டே இதைத் தொடரலாம். நாளை ஒரு குடும்பம் தன் முன்னோரின் பதிவைத் தேடி வரும்போது, “தாருங்கள், நான் வாசித்துச் சொல்கிறேன்” என்று சொல்ல ஊரில் ஒருவராவது வேண்டாமா?

வீட்டுப் பாடம்

இவற்றின் பொருளைத் தமிழில் எழுதுக. (மாத்தெர் – தாய், ஃபீலியா – மகள், லீபெர் – நூல், லெக்தோ – வாசிக்கப்பட்டு.)
அ. மாத்ரெம் ஃபீலியா ஆமாத்.
ஆ. லீப்ரோ லெக்தோ தோமும் ரெதியேருந்த்.
இ. தீச்சித் ஃபீலியும் வெனீரெ.

விடை: அ. தாயை மகள் நேசிக்கிறாள். ஆ. நூலை வாசித்து வீடு திரும்பினர். இ. மகன் வருவதாகச் சொல்கிறார்.

மூன்றும் சரியாக வந்தால், நீங்கள் இரண்டாம் படியில் கால் வைத்துவிட்டீர்கள். நாளைக்குப் பத்து வரி தொடங்குங்கள்.