சீலோவில் வளர்ந்த பிள்ளை



பால் மறந்த தன் பிள்ளையை அன்னாள் சீலோவில் கொண்டுபோய் விட்ட செய்தியை ஞாயிறு பள்ளியில் எத்தனையோ முறை போதித்திருக்கிறோம். அவள் விட்டுச் சென்ற இடம் எத்தகையது என்பதை மட்டும் பெரும்பாலும் சொல்வதில்லை. ஆசரிப்புக் கூடார வாசலுக்கு வந்த பெண்களிடம் ஆசாரியனின் குமாரரே முறைகேடாய் நடந்த இடம் அது. சிறுவன் சாமுவேல் அங்கேதான் உறங்கினான்.

ஏலி இதை அறியாதவர் அல்லர். ஜனங்கள் அவரிடம் சொன்னார்கள். அவரும் குமாரரை அழைத்துக் கண்டித்தார். ஆனால் அவர்களை ஊழியத்திலிருந்து விலக்கவில்லை. 1 சாமுவேல் 3-ஆம் அதிகாரத்தில் அவர்மேல் வரும் குற்றச்சாட்டு, தடுக்கவில்லை என்பதே. அந்தச் செய்தியைச் சுமந்ததோ ஒரு சிறுவன். அதைச் சொல்ல அவன் பயந்தான். எந்தப் பிள்ளைதான் பயப்படாது? ஒன்றை மட்டும் ஏலி சரியாகச் செய்தார்: மறைக்காமல் சொல்லும்படி கேட்டார், சொன்னபின் பிள்ளையைக் கடிந்துகொள்ளவில்லை.

நம் நாட்களில் கேரளத்தின் கண்ணூர் மாவட்டம் கொட்டியூரில் நடந்ததைப் பாருங்கள். 2017-இல் பதினாறு வயதுச் சிறுமி ஒருத்தி குழந்தை பெற்றாள். குற்றவாளி அவ்வூர்ப் பங்குத்தந்தை. ஆனால் சிறுமியின் தந்தை, தானே அதைச் செய்ததாக முதலில் சொன்னார்! விசாரணையில் அச்சிறுமியும் பெற்றோரும் பிறழ் சாட்சிகளாயினர். மரபணுச் சோதனையே உண்மையை நிலைநாட்டியது. 2019-இல் தலச்சேரி நீதிமன்றம் 20 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. 2021-இல் உயர் நீதிமன்றம் அதைப் பத்தாண்டாகக் குறைத்தது. பெற்ற தகப்பனே பழியை ஏற்கும் அளவுக்கு ஊழியர்மேல் பக்தி வளர்ந்திருந்தால், அங்கே பிள்ளைக்கு யார் துணை?

சபை மூப்பர்கள் கூடி உள்ளேயே விசாரித்து முடித்துவிடலாம் என்று எண்ணுவோர் உண்டு. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் அதற்கு இடம் தரவில்லை. அதன் 19-ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனப் பொறுப்பாளர் தமக்குக் கீழுள்ளவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. நல்லெண்ணத்தோடு தெரிவிப்பவர்மேல் வழக்கு வராது.

சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் தமிழ் பேசும் குடும்பங்கள், காவல் நிலையத்தில் தெலுங்கில் எப்படிச் சொல்வது என்று தயங்கக்கூடும். பிள்ளைக்கு மொழி புரியாவிடில் மொழிபெயர்ப்பாளரைத் தரவேண்டும் என்பதும் அதே பிரிவில் உள்ளது. வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலேயே பெறலாம். பதிவுசெய்யும் அதிகாரி சீருடையில் இருக்கக்கூடாது.

யாத்திரிகர் திரளும் திருப்பதிக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. தனித்து வந்த பிள்ளையைக் கண்டு இரக்கத்தால் வீட்டிலோ விடுதியிலோ சேர்த்துக்கொள்வோர் இருப்பர். இரக்கம் நல்லதே. எனினும் 24 மணி நேரத்துக்குள் 1098-க்கோ, காவல் நிலையத்துக்கோ, குழந்தைகள் நலக் குழுவுக்கோ தெரிவிக்கவேண்டும் என்கிறது 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம்.

முதியோரையும் மனவளர்ச்சி குன்றியோரையும் இதே கண்ணோடு பார்க்கவேண்டும். தனித்து வாழும் மூதாட்டியின் வங்கிப் புத்தகம் யார் கையில் இருக்கிறது? படுக்கையில் இருப்பவரைச் சந்திக்க ஒருவர் மட்டும் தனியே போகிறாரா? முதியோருக்கு 14567 என்ற உதவி எண் உண்டு. மாற்றுத்திறனாளி துன்புறுத்தப்படுவதாக அறிந்தால் யாரும் நிர்வாக நடுவரிடம் தெரிவிக்கலாம்.

மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு ஆசிரியர்களைத் தெரிந்தெடுக்கும்போதே, எந்த வகுப்பிலும் பெரியவர் இருவர் இருக்கும்படி பட்டியலிடுங்கள். 1098 என்ற எண்ணைப் பிள்ளைகளின் கண் எட்டும் உயரத்தில், தமிழிலும் தெலுங்கிலும் எழுதி ஒட்டுங்கள்.