விரிவாக்கமும் விழிப்பும்

நுழையும்முன்

ஆலை விரியும்போது உற்பத்தி பெருகும்; உடன் இடரும் பெருகும். திட்டம் வகுக்கும் நாளில் இருக்கும் விழிப்பு, திட்டம் நிறைவேறிய பின்னும் தொடர வேண்டும். அவ்விழிப்புத் தளர்ந்த ஓர் ஆலையின் வரலாற்றை முன்வைத்து இடர் மேலாண்மையை விளக்குகிறது இப்பாடம்.

இடர் என்பது யாது?

தொழிற்சாலையை விரிவாக்க முனைவோர் முதலீடு, இயந்திரம், உற்பத்தி அளவு ஆகியவற்றை முதலில் எண்ணுவர். அவற்றோடு இடரையும் எண்ணுதல் வேண்டும். இன்னும் நிகழாத, ஆனால் நிகழக்கூடிய தீங்கே இடர். அது நேர்வதற்கான வாய்ப்பு எவ்வளவு, நேர்ந்தால் விளையும் இழப்பு எவ்வளவு என்னும் இரண்டையும் இணைத்தே அதனை மதிப்பிடுவர்.

மதிப்பிட்ட இடரை எதிர்கொள்ள நான்கு வழிகள் உள்ளன. அவை தவிர்த்தல், குறைத்தல், காப்பீடு போன்றவற்றால் பகிர்தல், சிறிதாயின் அறிந்தே ஏற்றல் என்பன. ஒவ்வோர் இடரையும், அதற்குப் பொறுப்பானவரையும், மறு ஆய்வு செய்யும் நாளையும் இடர்ப் பதிவேட்டில் குறிப்பர். பதிவேட்டை எழுதி மூடிவிட்டால் பயனில்லை. ஆலையில் ஒன்று மாறும்போதெல்லாம் அதனைத் திறந்து பார்த்தல் வேண்டும்.

பிளிக்ஸ்பரோ ஆலை

இங்கிலாந்தின் பிளிக்ஸ்பரோ என்னும் சிற்றூருக்கு அருகே, நைலான் தயாரிப்புக்கு வேண்டிய கேப்ரோலாக்டம் என்னும் வேதிப்பொருளை ஆக்கும் ஆலை ஒன்று இருந்தது. 1972இல் புதிய செய்முறையுடன் அது விரிவாக்கப்பட்டது. ஆண்டுக்கு 20,000 டன்னாக இருந்த உற்பத்தித் திறன் 70,000 டன்னாக உயர்ந்தது. படிக்கட்டுப்போல் ஒன்றைவிட ஒன்று தாழ்வாக அமைந்த ஆறு பெருங்கலன்களின் வழியே, எளிதில் தீப்பற்றும் சைக்ளோஹெக்சேன் மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் பாய்ந்தது.

1974 மார்ச் இறுதியில் ஐந்தாம் கலனில் விரிசல் காணப்பட்டது. உற்பத்தி நின்றுவிடக் கூடாதே என்ற கவலையில் அக்கலனை அகற்றிவிட்டு, நான்காம் கலனையும் ஆறாம் கலனையும் ஒரு தற்காலிகக் குழாயால் இணைத்தனர். கலன்களின் வாய் 28 அங்குல விட்டமுடையது. கைக்குக் கிடைத்த குழாயோ 20 அங்குலம். உயர வேறுபாட்டினால் குழாயை வளைத்து அமைக்க நேர்ந்தது. அதன் இரு முனைகளிலும் துருத்தி போன்ற நெகிழ் இணைப்புகள் இருந்தன. சாரமே அதனைத் தாங்கியது.

அக்குழாய்க்கென முறையான வரைபடம் எழவில்லை. பட்டறைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்ததே வரைபடம். போதிய திரவம் அதன்வழிச் செல்லுமா என்று கணக்கிட்டனர். வளைந்த குழாயை உள்ளழுத்தம் எவ்விசையால் முறுக்கும் என்று கணக்கிடவில்லை. அதனைக் கேட்டிருக்க வேண்டிய தலைமைப் பொறியாளர் பணியிடம் அப்போது காலியாக இருந்தது. எஞ்சிய ஐந்து கலன்களையும் விரிசலுக்காக முழுமையாக ஆராயாமலே, ஏப்ரல் முதல் நாள் ஆலையை மீண்டும் இயக்கினர்.

ஜூன் 1, சனிக்கிழமை மாலை. குழாய் பிளந்தது. வெளியேறிய ஆவி மேகமாகப் பரவி வெடித்தது. 28 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 18 பேர் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள். விடுமுறை நாளாதலால் அலுவலகக் கட்டடம் வெறுமையாய் இருந்தது. வேலை நாளாயின் இழப்பு பன்மடங்காகியிருக்கும்.

கற்க வேண்டியது

மூல ஆலையைப் பொறியாளர்கள் கணக்கிட்டே வடிவமைத்தனர். பின்னர் அவசரத்தில் சேர்த்த ஒரு குழாய்க்கு அக்கணக்கு கிட்டவில்லை. ‘தற்காலிகம்’ என்னும் சொல் ஆய்வுக்கு விலக்களிக்காது. தற்காலிகக் குழாயிலும் அதே அழுத்தமே பாய்கிறது. ஆகவே, சிறிதாயினும் பெரிதாயினும் ஒவ்வொரு மாற்றத்தையும் தகுதியுடையோர் ஆராய்ந்து எழுத்தில் ஒப்புதல் அளித்த பின்னரே செயற்படுத்த வேண்டும். இந்நெறி இன்று ‘மாற்ற மேலாண்மை’ எனப்படுகிறது. கட்டுப்பாட்டு அறைகளை அபாயப் பகுதியிலிருந்து விலக்கியோ, வெடிப்பைத் தாங்குமாறோ அமைக்க வேண்டும் என்பதும் இவ்விபத்து உணர்த்திய பாடமே.

உற்பத்தி சில வாரங்கள் நின்றால் ஏற்படும் இழப்பைப் பின்னர் ஈட்டிவிடலாம்; போன உயிரை மீட்க இயலாது. விரிவாக்கத்தின் கணக்கில் இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்தல் ஆகாது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பள்ளிக்குப் புதிய ஆய்வகம் கட்டப்படுவதாகக் கொண்டு, ஐந்து இடர்களைக் கண்டறிந்து இடர்ப் பதிவேடு ஒன்றை உருவாக்குக.
2. ‘தற்காலிக ஏற்பாடு’ என்று நாம் ஆராயாமல் விடும் செயல்கள் குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.