பியானோவிற் பண்ணுப்பெயர்த்தல்

திருக்கோணமலை இந்துக் கல்லூரியிற் பணியாற்றிய சுவாமி விபுலாநந்த அடிகளின் ‘யாழ் நூல்’ 1947ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் பாலைத்திரிபியல், ஒரே நரம்புக் கோவையிற் குரலாக நிற்கும் நரம்பை மாற்ற, வேறு பாலைகள் பிறக்குமாற்றை ஆராய்கின்றது.

இவ்வுண்மையைப் பியானோவின் கறுப்புக் கட்டைகள் ஐந்திலே எளிதிற் காணலாம். மூன்றாய்த் திரண்டு நிற்பவற்றுள் முதலாவதாகிய நாலரைக் கட்டையை ஆதார சட்சமாகக் கொண்டு ஏறின் மோகனம் பிறக்கும். ஐந்தரையைக் கொள்ளின் மத்தியமாவதி, ஆறரை, இந்தோளம், ஒன்றரை, சுத்த சாவேரி, இரண்டரை, சுத்த தன்யாசி. கட்டைகள் அவையே, ஆதாரமே பெயர்ந்தது.

இடக்கை ஆதாரத்தை அடிக்கடி ஒலித்தல் வேண்டும். அன்றேல் செவி மோகனத்துக்கே மீளக்கூடும். அசைந்து நழுவும் கமகம் பியானோவில் எழாது. ஆதலின், மாணவர் வாசித்ததைப் பாடியும் பழகுவாராக.