உறுமலை அடக்காதே

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சிப்பிப்பாறைக் குட்டி நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டது என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது. அது சோறு தின்றுகொண்டிருந்தபோது பாப்பா கிட்டே போக, உறுமியிருக்கிறது. மச்சான் குச்சியெடுத்து வெளுத்திருக்கிறார். "இப்ப உறுமுறதே இல்ல மாமா, அடங்கிருச்சு" என்று முடித்திருக்கிறாய். அந்தக் கடைசி வரியைப் படித்த பிறகுதான் எனக்குக் கவலை வந்தது.

உறுமல் நாய் தரும் எச்சரிக்கை. கடிக்காமலேயே 'தள்ளிப் போ' என்று சொல்லிப் பார்க்கிறது. அதற்காக அடித்தால் சத்தம் நின்றுபோகும். சோற்றைப் பிடுங்கிவிடுவார்களோ என்ற பயம் போகாது. பாப்பா வந்தால் அடியும் விழும் என்று இன்னொரு பயமும் சேர்ந்துகொள்ளும். "நேத்து வரைக்கும் சாதுவா இருந்துச்சு, திடீர்னு கடிச்சிருச்சு" என்று ஊரில் சொல்வார்கள். பெரும்பாலும் அந்த நாய் பல தடவை சொல்லிப் பார்த்திருக்கும். வீட்டில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

நீ கவனிக்கப் பழகு. நாளை சோறு வைத்துவிட்டு, எட்ட நின்று பார். யாராவது அந்தப் பக்கம் நடந்தால், மென்றுகொண்டிருந்த வாய் சட்டென்று நிற்கும். தலை தட்டைவிட்டு நிமிராது. உடம்பு விறைக்கும். கண் மட்டும் ஓரமாகத் திரும்பி, விழியின் வெள்ளை பிறைபோலத் தெரியும். இதெல்லாம் உறுமலுக்கு முன்னால் வருபவை. மற்ற நேரங்களில் தூக்கமே இல்லாமல் கொட்டாவி விடுவது, வெறும் உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது எல்லாம் சங்கடத்தின் அடையாளங்கள். பாப்பா கழுத்தைக் கட்டிப் பிடித்துப் போட்டோ எடுக்கும்போது இதைப் பார்த்தால், உடனே அவளை விலக்கிவிடு.

வாலாட்டுவதை மட்டும் நம்பாதே. 2007-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் ஒன்றைக் கண்டார்கள்: வளர்த்தவரைப் பார்க்கும்போது நாயின் வால் வலப்பக்கம் கூடுதலாக ஆடுகிறது, பழக்கமில்லாத முரட்டு நாயைப் பார்த்தால் இடப்பக்கம். அந்த நுணுக்கம் நம் கண்ணுக்குப் பிடிபடாது. உடம்பு முழுக்கக் குழைந்து ஆடினால் மகிழ்ச்சி. விறைத்து, வாலை உயர்த்திப் படபடவென்று ஆட்டினால் எட்டியே நில். இந்த வித்தியாசம் தெரிந்தால் போதும்.

"தப்புப் பண்ணினது அதுக்கே தெரியுது, மூஞ்சியைப் பாரு" என்பார் மச்சான். அமெரிக்காவில் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் வெளியிட்ட ஆய்வை அவரிடம் சொல். தின்னக் கூடாது என்று சொல்லி வைத்த பண்டத்தை நாய் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்தக் குற்றவாளி முகத்துக்கும் தொடர்பில்லை. திட்டு வாங்கிய நாய், ஒரு தப்பும் செய்யாதபோதும், அந்த முகத்தைக் காட்டியது. நாம் குற்ற உணர்வு என்று நினைப்பது நம் கோபத்தைக் கண்ட பயம்.

'யார் எஜமான் என்று காட்ட வேண்டும்' என்று சோற்றுத் தட்டைப் பிடுங்குகிறார்களே, அந்தப் பழக்கத்துக்குத் துணையாக ஓநாய்க் கூட்டத் தலைவன் கதையைச் சொல்வார்கள். அந்தக் கருத்து பரவக் காரணமான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச் அவர்களே 1999-இல் அதைத் திருத்தி எழுதினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள் சேர்ந்த குடும்பம்.

உன் நாயின் பிறவிக் குணத்தையும் நினைத்துப் பார். கரிசல் காட்டில் முயலைக் கண்ணால் கண்டு விரட்டிப் பிடிக்கவென்று தலைமுறை தலைமுறையாக வளர்த்த இனம் சிப்பிப்பாறை. அதைப் பகலெல்லாம் முற்றத்தில் சங்கிலியில் போட்டால், ஓட முடியாத வேகமெல்லாம் எரிச்சலாக மாறும். வெயிலுக்கு முன்பும் பொழுது சாய்ந்த பிறகும் வேலி அடைத்த தோட்டத்தில் ஓடவிடு. ஆட்டையோ கோழியையோ கண்டால் பாய்ந்துவிடும். அதனால் ரோட்டில் கயிறில்லாமல் விடாதே. உங்கள் வீடு நிலக்கோட்டை பூ மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் இருக்கிறது. விடியுமுன்னே மல்லிகை மூட்டையோடு வண்டிகள் வரிசையாகப் போகும்போது அதற்குத் தூக்கம் ஏது? நாய் நாளில் ஏறக்குறைய பாதி நேரம் தூங்கும் பிராணி. படுக்கையைத் தெருவோரத்திலிருந்து கொல்லைப் பக்கம் மாற்று.

சோற்று விஷயத்துக்கு வருகிறேன். சாப்பிட ஒரு மூலையை ஒதுக்கு; அந்த நேரத்தில் பாப்பா அங்கே போகவே கூடாது. பழக்கும் வேலை உன்னுடையது. அது தின்னும்போது, உடம்பு விறைக்காத தூரத்தில் நடந்துகொண்டே அவித்த முட்டைத் துண்டு ஒன்றைத் தட்டுப் பக்கம் போட்டுவிட்டு நிற்காமல் போய்விடு. நிதானமாக, நாள் போகப் போக ஒரு அடி கிட்டே வா. விறைத்தால் ஒரு அடி பின்வாங்கு. ஆள் வந்தால் சோறு போகும் என்று நினைத்தது, ஆள் வந்தால் கூடுதலாகக் கிடைக்கும் என்று கற்றுக்கொள்ளும். குணம் திடீரென்று மாறியதாகத் தோன்றினால் கால்நடை மருத்துவரிடம் காட்டு. காதுவலியும் பல்வலியும் நாயைச் சிடுசிடுக்க வைக்கும். வெறிநோய்த் தடுப்பூசியைத் தவறவிடாதே. பல் பட்டுவிட்டால், சிறு கீறலானாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

"நாட்டு நாய்க்கு இதெல்லாம் எதுக்கு" என்பவர்களுக்கும் பதில் உண்டு. கொல்கத்தாவின் ஐசர் அறிவியல் ஆராய்ச்சி நிறுவன ஆய்வாளர்கள் தெருநாய்களிடம் தொடர்ந்து பழகிப் பார்த்து 2017-இல் எழுதினார்கள்: தீனி போட்டவரைவிட, தடவிக் கொடுத்தவரிடமே அவை அதிகம் நம்பிக்கை வைத்தன. யாரும் வளர்க்காத நாயே அப்படியென்றால், உங்கள் வீட்டில் வளர்ந்தது எவ்வளவு எதிர்பார்க்கும்!

இந்தக் கடிதத்தை அக்காவுக்கும் மச்சானுக்கும் வாசித்துக் காட்டு. வீட்டில் ஒருவர் அடித்து, ஒருவர் கொஞ்சினால் எதுவும் நடக்காது; எல்லோரும் ஒரே மாதிரி நடக்க வேண்டும். இனி ஒருநாள் அது மறுபடி உறுமினால் பயந்துவிடாதே. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அமைதியாக விலகி, எதற்காக உறுமியது என்று யோசி. உங்களிடம் சொல்லலாம் என்ற தைரியம் அதற்குத் திரும்பியிருக்கிறது; அந்தச் சொல்லை மதிக்கும் வீட்டில் பிள்ளையும் பத்திரம், நாயும் பத்திரம்.

அன்புடன்,
உன் மாமா