மலத்தோடு இரத்தம் போனால்: மறைக்க வேண்டாம், பொறுக்க வேண்டாம்



2016 மே 17 ஆம் திகதி கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயத்து வீடுகள் மண்ணுக்குள் போயின. உயிர் தப்பியவர்கள் பொது இடங்களில் தங்க நேர்ந்தது. 2025 நவம்பரில் டித்வா சூறாவளி வந்தபோதும் மலைப்பகுதிக் குடும்பங்கள் பல வீடு வாசலை விட்டு வெளியேறின.

இப்படித் தங்கும் இடங்களில் பல குடும்பங்களுக்கு ஒரு மலசலகூடம் என்ற நிலை வரும். பெண்கள் இருட்டும் வரை அடக்கிக்கொள்வார்கள். அடிக்கடி போக நேருமே என்று தண்ணீரையும் குறைத்துக்கொள்வார்கள். சாப்பாடு பாணும் பருப்பும் சோறுமாக இருக்கும். கீரை, மரக்கறி குறைவு. மலம் இறுகுகிறது. மறுபக்கம், சுத்தமில்லாத தண்ணீரால் வயிற்றோட்டம் பரவுகிறது. இரண்டு வழியிலும் மலத்தோடு இரத்தம் போகலாம். "உடம்புச் சூடு" என்றோ "மூலம்தான்" என்றோ நாமே தீர்மானித்துவிடுவது ஆபத்தானது. ஆகவே இந்தப் பாடம்.

1. இரத்தத்தின் நிறமும் தன்மையும்

மூலம்: மலம் கழித்த பின் பிரகாசமான சிவப்பு இரத்தம் சொட்டும், அல்லது கழுவும்போது தெரியும். பெரும்பாலும் வலி இருக்காது. மலவாசலின் உட்புற இரத்தக் குழாய்கள் வீங்குவதே காரணம். முக்குதல், நெடுநேரம் குந்தியிருத்தல், கர்ப்பம் ஆகியவை இதைக் கூட்டும்.

மலவாசல் வெடிப்பு: இறுகிய மலம் தோலைக் கிழிப்பதால் வருவது. கழிக்கும்போது கத்தியால் வெட்டுவது போல் வலிக்கும். இரத்தம் கொஞ்சமாக, மலத்தின் மேல் கோடு போல் இருக்கும்.

இரத்தக்கழிச்சல்: வயிற்று முறுக்கு, காய்ச்சல், சளியோடு கலந்த இரத்தம். கிருமியால் வருவது. ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கையாலும் தண்ணீராலும் ஈயாலும் தொற்றும்.

இரைப்பைப் புண்: தார் போல் கறுத்து, ஒட்டும் தன்மையோடு, கடும் நாற்றத்தோடு மலம் போகும். மூட்டு வலிக்கும் இடுப்பு வலிக்கும் கடையில் குளிசை வாங்கித் தொடர்ந்து விழுங்குவோருக்கும், மதுபானம் அதிகம் அருந்துவோருக்கும் இது வரலாம். கர்ப்பிணித் தாய்மாருக்குக் கொடுக்கும் இரும்புச்சத்துக் குளிசையும் மலத்தைக் கறுப்பாக்கும். அது இரத்தம் அல்ல. பீட்ரூட் சாப்பிட்டால் மலம் சிவக்கலாம், அதுவும் அப்படியே.

பெருங்குடல் புற்றுநோய்: மலத்தோடு கலந்த இரத்தம், மாறிவிட்ட மலப்பழக்கம், காரணமில்லாத மெலிவு, களைப்பு. நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் கூடுதலாகக் காணப்பட்டாலும் இளையவர்களுக்கும் வருகிறது. தொடக்கத்திலேயே கண்டால் குணமாக்க வாய்ப்பு அதிகம். மூலம் உள்ளவருக்கும் இது சேர்ந்து வரலாம் என்பதை மறக்காதீர்கள்.

இன்னொன்று கொக்கிப்புழு. வெறுங்காலோடு நடக்கும்போது பாதத்தின் வழியே உடலுக்குள் போய், குடலில் இருந்து இரத்தம் குடிக்கும். அந்த இரத்தம் கண்ணுக்குத் தெரியாது. வெளிறிய முகமும் மூச்சு வாங்குதலும்தான் அடையாளம். 1916 இலேயே நம் நாட்டில் இதற்கு எதிராகப் பெரிய இயக்கம் தொடங்கப்பட்டது. தோட்ட மக்களின் இரத்தசோகைக்கு இது பழைய காரணம்.

2. எப்போது போக வேண்டும்?

உடனே, இரவானாலும்: இரத்தம் நிற்காமல் அல்லது கட்டி கட்டியாகப் போனால், தலைசுற்று, மயக்கம், குளிர்ந்த வியர்வை இருந்தால், தார் போன்ற மலம் போனால், இரத்த வாந்தி எடுத்தால், வயிறு கடுமையாக வலித்தால். கைக்குழந்தை விட்டு விட்டு அலறி, கால்களை மடக்கி, வாந்தி எடுத்து, செந்நிறக் கூழ் போல் மலம் கழித்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும்.

அதே நாளில்: இரத்தத்தோடு வயிற்றோட்டம் இருந்தால், முக்கியமாகக் குழந்தைகளுக்கும் வயோதிபர்களுக்கும்.

அந்த வாரத்துக்குள்: மற்ற எல்லா இரத்தப்போக்குக்கும். ஒரு முறை போய் நின்றாலும் காட்டுங்கள். மலப்பழக்கம் மூன்று வாரத்துக்கு மேல் மாறியிருந்தாலும், குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்திருந்தாலும் அதையும் சொல்லுங்கள்.

3. வைத்தியசாலையில்

அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். டாக்டர் கையுறை போட்டு விரலால் மலவாசலைப் பரிசோதிக்கலாம். அது ஒரு நிமிட வேலை, அவமானம் அல்ல. பெண்கள் தாதி ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும்படி கேட்கலாம். சிங்களத்தில் சொல்லத் தடுமாறினால் "மலபஹ எக்க லே யனவா" என்றால் போதும். எத்தனை நாளாக, என்ன நிறம், எவ்வளவு, என்ன மருந்து குடிக்கிறீர்கள் என்பதைச் சொல்லத் தயாராகப் போங்கள். மூலத்தை ஊசியாலும் காரமருந்தாலும் ஒரே நாளில் போக்குவதாகச் சொல்வோரிடம் போகாதீர்கள்.

4. நாம் செய்யக்கூடியவை

வயிற்றோட்டத்துக்கு ஜீவனி கரைத்துக் கொடுங்கள். அது இல்லாவிட்டால், கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சீனியும் அரை மட்டத் தேக்கரண்டி உப்பும் கரைக்கலாம். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். இரத்தத்தோடு போகும்போது, வயிற்றைக் கட்டும் குளிசையைக் கொடுக்காதீர்கள்.

மலச்சிக்கலுக்கு: தண்ணீர், கீரை, பப்பாசி, வாழைப்பழம். வந்தவுடன் போங்கள், முக்காதீர்கள். வலிக்கு இளஞ்சூட்டுத் தண்ணீரில் பத்து நிமிடம் உட்காருங்கள்.

ஆனால், மலசலகூடம் இல்லாமல் தண்ணீர் குடி என்று பெண்களுக்குச் சொல்வது பயன்தராது. தங்கும் இடத்தில் பெண்களுக்குத் தனி மலசலகூடம், உள்ளே தாழ்ப்பாள், இரவில் வெளிச்சம், கைகழுவச் சவர்க்காரம் ஆகியவற்றை எல்லோரும் சேர்ந்து கிராம சேவகரிடமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் கேளுங்கள். இதுவும் மருந்துதான்.

கலந்துரையாட:

1. நம் இடத்தில் மலசலகூடத்துக்கு இரவில் போகப் பயப்படுபவர்கள் யார்? ஏன்?
2. இரவில் ஒருவருக்கு இரத்தப்போக்கு வந்தால் யாரிடம் தொலைபேசி இருக்கிறது? வண்டி எதுவரை வரும்?
3. வெளிறிப் போய், மூச்சு வாங்க வேலைக்குப் போகிறவர்கள் நம்மிடையே உண்டா? அவர்களோடு வைத்தியசாலைக்கு யார் போவது?