அருங்காட்சியகக் காவலும் வீட்டுக் கம்ப்யூட்டரும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "வைரஸ் வந்தால் என்ன செய்வது?" என்பதுதான். "என் கம்ப்யூட்டரை யார் யார் தொடுகிறார்கள்?" என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் அதை யோசித்ததில்லை. எங்கள் ஊர்க் கோயிலின் சிலைப் பதிவேட்டைத் தயாரிக்கப் போய்த்தான் யோசிக்க வேண்டி வந்தது.

மரக்காணம் உப்பளங்களை ஒட்டியது எங்கள் ஊர். கடற்காற்றில் வரும் உப்பு எதையும் விட்டு வைக்காது. ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின் எல்லாம் ஒன்றிரண்டு வருடம்தான். கம்ப்யூட்டர் மட்டும் விதிவிலக்கா என்ன? யுஎஸ்பி போர்ட்டுகளில் பச்சை பூத்து, கேபினெட் அடியில் துரு ஏறிவிட்டது. ஒருநாள் ஆன் ஆகவே இல்லை. பழுது பார்க்கும் பையனை வரவழைத்து, "எடுத்துக்கொண்டு போய்ச் சரிசெய்து கொண்டு வா" என்று கொடுத்துவிட்டேன். (கடலோரத்தில் இருப்பவர்கள் கம்ப்யூட்டரை ஜன்னலோரம் வைக்காதீர்கள். வேலை முடிந்து சூடு ஆறியதும் துணி போட்டு மூடி வையுங்கள்.)

அந்தக் கம்ப்யூட்டரில்தான் கோயில் பதிவேடு இருந்தது. பஞ்சலோக உற்சவர்கள் ஐந்து. கோயில் பெரியவர்கள் கேட்டுக்கொண்டதால் போனில் படம் எடுத்து, எக்ஸெல்லில் ஒரு பட்டியல் போட்டிருந்தேன். உயரம், எடை, எந்த அறை, சாவி யாரிடம், எந்தெந்த நாளில் வெளியே எடுக்கப்படும் என்று அதில் எதையும் விடவில்லை. எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

கம்ப்யூட்டர் நல்லபடியாகத் திரும்பி வந்தது. பத்து நாள் கழித்துப் பெரியவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, நம்ம சாமி படம் யார் யார் போனுலயோ சுத்துதாமே. நீ எடுத்ததுதானே அது?"

"ஆமாங்க ஐயா. ஆனா நான் யாருக்கும் அனுப்பலையே."

"அப்ப எப்படிப்பா போச்சு?"

பழுது பார்த்த இடத்தில் யாரோ அந்த ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்திருக்கிறார்கள். சாமி படம் அழகாக இருக்கிறதே என்று அனுப்பியிருக்கலாம். கெட்ட எண்ணம் இருந்திருக்காது, திருட்டும் எதுவும் நடக்கவில்லை. ஆனால் படம் போனது என்றால் அதே ஃபோல்டரில் இருந்த பட்டியலும் போயிருக்கும். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதன் பிறகுதான், பெரிய அருங்காட்சியகங்கள் தங்கள் பொருள்களை எப்படிக் காக்கின்றன என்று தேடிப் படித்தேன். அங்கே காவல் என்றால் பூட்டும் கேமராவும் மட்டுமல்ல. யாரை வேலைக்கு எடுப்பது, யாருக்கு எந்த அறை வரை அனுமதி, சாவி யார் கையில் என்பவைதான் பெரும்பகுதி.

1911 ஆகஸ்ட் 21 அன்று பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்திலிருந்து மோனாலிசா ஓவியம் காணாமல் போனது. எடுத்தவர் வின்சென்ஸோ பெருஜியா. சுவர் ஏறிக் குதித்து வந்தவர் அல்ல, முன்பு அங்கேயே ஓவியங்களுக்குக் கண்ணாடிப் பாதுகாப்பு அமைக்கும் வேலை பார்த்தவர். ஊழியர்கள் அணியும் வெள்ளை மேலங்கியைப் போட்டுக்கொண்டு, விடுமுறை நாளான திங்கட்கிழமை சர்வ சாதாரணமாக நடமாடினார். ஓவியம் இல்லை என்பது மறுநாள்தான் தெரிந்தது. படம் பிடிப்பதற்காக எடுத்துப் போயிருப்பார்கள் என்று காவலர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஓவியம் திரும்பக் கிடைக்க 1913 டிசம்பர் ஆகிவிட்டது.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகம் இருக்கிறது. 1990 மார்ச் 18 நள்ளிரவுக்குப் பின் இருவர் போலீஸ் உடையில் வந்து, ஏதோ கலாட்டா என்று தகவல் வந்ததாகச் சொல்லிக் கதவைத் தட்டினார்கள். அனுமதி இல்லாத எவரையும் இரவில் உள்ளே விடக்கூடாது என்பது அங்கே விதி. காவலர் கதவைத் திறந்துவிட்டார். போலீஸை அழைக்கும் ஒரே அவசரப் பொத்தான் அவர் மேஜையில் இருந்தது. அவரைத் தந்திரமாகப் பேசி மேஜையை விட்டு வெளியே வரவழைத்துவிட்டார்கள். 81 நிமிடங்களில் 13 பொருள்கள் போயின. ஒன்றுகூட இன்று வரை கிடைக்கவில்லை. காலியான சட்டங்கள் சுவரிலேயே தொங்குகின்றன. "பேங்கிலிருந்து பேசுகிறேன், ஓடிபி சொல்லுங்கள்" என்று உங்களுக்கு போன் வரும்போது அந்தக் கதவை நினைத்துக்கொள்ளுங்கள்.

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் கதை வேறு மாதிரி. சுமார் 2,000 சிறு பொருள்கள் காணாமலோ திருடப்பட்டோ சேதமாகியோ இருப்பதாக 2023 ஆகஸ்டில் செய்தி வெளியானது. ஊழியர் ஒருவரைப் பணியிலிருந்து நீக்கினார்கள். இங்கே இரண்டு பாடங்கள். முதலாவது, வேலைக்குச் சேர்க்கும்போது ஆதாரங்களைச் சரிபார்ப்பது, போலீஸ் விசாரணை, பழைய முதலாளியிடம் கேட்பது எல்லாம் அந்த ஒரு நாளுக்குத்தான். பிறகு இருபது முப்பது வருடம் யாரும் மறுபடி பார்ப்பதில்லை. இரண்டாவது, காணாமல் போனவற்றில் பெரும்பாலானவை முழுமையாகப் பட்டியலிடப்படாதவை. பட்டியலில் இல்லாத பொருளைத் தொலைந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? மொத்தத் தொகுப்பையும் ஐந்து ஆண்டுகளில் கம்ப்யூட்டரில் பதிவு செய்வோம் என்று அதே ஆண்டு அக்டோபரில் அறிவித்தார்கள்.

இதனால்தான் நன்றாக நடக்கும் அருங்காட்சியகங்களில், கிடங்கு அறையைத் திறக்க இருவர் சேர்ந்து போக வேண்டும் என்று விதி வைக்கிறார்கள். சாவி வாங்கினால் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். மின்வேலைக்கும் பெயின்ட் அடிக்கவும் வரும் வெளியாட்களுடன் நிரந்தர ஊழியர் ஒருவர் கூடவே நிற்பார். பார்வையாளர் பை மட்டுமல்ல, ஊழியர் பையும் வெளியே போகும்போது பார்க்கப்படும். நம்மை நம்பவில்லையா என்று முதலில் முகம் சுளிப்பார்களாம். எல்லோருக்கும் ஒரே விதி என்றால் யாருக்கும் அவமானம் இல்லை. ஏதாவது காணாமல் போனால், நல்ல ஊழியரைச் சந்தேகத்திலிருந்து காப்பதும் அந்த நோட்டுதான்.

நம் பக்கத்துக்கு வருவோம். மரக்காணத்தில் பஸ் ஏறினால் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக ஒரு மணி நேரத்தில் புதுச்சேரி. அங்கே இருக்கிறது பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். 1956 முதல் ஊர் ஊராகப் போய்க் கோயில் சிலைகளைக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்துச் சேர்த்தார்கள். ஒரு லட்சத்துக்கும் அதிகமான படங்கள். திருட்டைப் பிடிக்கும் எண்ணத்தில் எடுத்தவை அல்ல, கலை ஆராய்ச்சிக்காக எடுத்தவை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் 2004-இல் ஒரு கல் அர்த்தநாரீசுவரரை விலைக்கு வாங்கியது. அது விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயில் சுவரில் இருந்தது என்பதைக் காட்டிக்கொடுத்தவை இந்தப் பழைய படங்கள்தான். விற்றவர் சுபாஷ் கபூர். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானிலிருந்து திருடப்பட்ட நடராஜரை, 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்கு 50 லட்சம் டாலருக்கு விற்றவரும் அவரே. 2014 செப்டம்பரில் இரண்டு சிலைகளும் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டன. 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் கபூருக்குப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.

இதைப் படித்தபோதுதான் என் தவறு எங்கே என்று புரிந்தது. படம் வெளியே போனதற்காக நான் வருந்தத் தேவையில்லை. நாலு பேர் பார்த்த சிலையை விற்பதுதான் கஷ்டம். போகக்கூடாதது, எந்த அறை, யாரிடம் சாவி, எந்த நாள் என்ற அந்தக் கடைசி மூன்று காலம்கள். அருங்காட்சியகங்களும் அப்படித்தான். தங்கள் பொருள்களின் படங்களை உலகத்துக்கே காட்டுகின்றன. கிடங்கின் வரைபடத்தையும் காவலர்களின் வேலை நேரத்தையும் காட்டுவதில்லை. நான் இரண்டையும் ஒரே ஷீட்டில் போட்டிருந்தேன்!

இப்போது பதிவேட்டை இரண்டாகப் பிரித்துவிட்டேன். நீங்களும் உங்கள் கோயிலுக்கோ, வீட்டு நகை, பத்திரங்களுக்கோ இதேபோல் செய்யலாம்.

முதல் ஃபைல், பொருளைப் பற்றியது. இதற்கு "ஆப்ஜெக்ட் ஐடி" என்ற உலகத் தரம் ஒன்று உண்டு. 1997-இல் அமெரிக்காவின் கெட்டி அறக்கட்டளை வெளியிட்டது. இப்போது உலக அருங்காட்சியகக் கூட்டமைப்பான ஐகாம் பொறுப்பில் இருக்கிறது. எக்ஸெல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் கால்க் என்ற இலவச சாஃப்ட்வேரில் செய்யலாம். முதல் வரிசையில் இந்தத் தலைப்புகளை டைப் செய்யவும்: பொருள் வகை, செய்த பொருளும் முறையும், அளவு, எழுத்து அல்லது குறி, தனி அடையாளம், பெயர், எதைக் குறிக்கிறது, காலம், செய்தவர். தெரியாததைக் காலியாக விடலாம், ஊகித்து எழுத வேண்டாம்.

இதில் "தனி அடையாளம்" என்பதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஒரே மாதிரி நூறு அம்மன் சிலைகள் இருக்கலாம். இடது கை சுண்டுவிரல் நுனி ஒடிந்த, பீடத்தின் பின்புறம் வார்ப்புத் துளை உள்ள அம்மன் ஒன்றுதான் இருக்கும். உப்புக் காற்றினால் எங்கள் சிலை ஒன்றின் பாதத்தில் வெளிர் பச்சையாகப் பொடி கண்டிருக்கிறது. அதையும் எழுதினேன். பெரியவர்தான் முதலில் அதைக் கவனித்தவர்.

படம் எடுக்கும்போது முன்பக்கம் மட்டும் போதாது. பின்புறம், இரு பக்கம், பீடத்தின் அடி, உடைந்த இடம் எல்லாம் வேண்டும். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுக்கவும். மாலை சாத்திய நிலையில் எடுத்தால் பாதி அடையாளம் மறைந்துவிடும். அர்ச்சகரிடம் சொல்லி, அபிஷேகம் முடிந்து அலங்காரத்துக்கு முன் எடுப்பது நல்லது.

இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. போனில் லொகேஷன் ஆன் செய்திருந்தால், எடுத்த இடமும் படத்துக்குள் பதிவாகிவிடும். பாதுகாப்புக்காகச் சிலையை வேறிடத்தில் வைத்திருக்கும்போது எடுத்த படமே அந்த இடத்தைச் சொல்லிவிடும். விண்டோஸில் படத்தின் மேல் ரைட் க்ளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் செல்லவும். டீட்டெயில்ஸ் டேபின் அடியில் "ரிமூவ் ப்ராப்பர்ட்டீஸ் அண்ட் பெர்சனல் இன்ஃபர்மேஷன்" என்று இருக்கும். அதை க்ளிக் செய்து, அந்த விவரங்கள் இல்லாத காப்பி ஒன்றை உருவாக்கும் ஆப்ஷனைத் தேர்வு செய்து ஓகே கொடுக்கவும். வெளியே கொடுப்பது இந்தக் காப்பி மட்டுமே.

இரண்டாவது ஃபைலில் இடம், சாவி, நாள். இதற்குப் பாஸ்வேர்டு கட்டாயம். எக்ஸெல்லில் ஃபைல் மெனுவில் இன்ஃபோ என்பதற்குச் சென்று, ப்ரொடெக்ட் வொர்க்புக் பட்டனை அழுத்தி, என்க்ரிப்ட் வித் பாஸ்வேர்டு என்பதைத் தேர்வு செய்யவும். கால்க்கில் சேவ் ஆஸ் பெட்டியிலேயே சேவ் வித் பாஸ்வேர்டு என்ற கட்டம் இருக்கும். அதை டிக் செய்தால் போதும். பாஸ்வேர்டாக ஊர்ப் பெயரையோ சாமி பெயரையோ கொடுக்காதீர்கள். 2025 அக்டோபர் 19 அன்று லூவ்ரில் பட்டப்பகலில் சில நிமிடங்களில் 8 கோடியே 80 லட்சம் யூரோ மதிப்புள்ள அரச நகைகள் திருடப்பட்டன. அதன் பிறகு ஒரு செய்தி வந்தது. 2014-இல் அங்கே சோதனை நடத்தியபோது, கேமராக்களின் சர்வருக்கு "லூவ்ர்" என்பதே பாஸ்வேர்டாக இருந்ததாம். 2025 திருட்டுக்கு அது காரணம் என்று யாரும் சொல்லவில்லை. இருந்தாலும் படித்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இருவர் சேர்ந்து திறக்கும் கிடங்கை நினைவில் வைத்து, எங்கள் பாஸ்வேர்டையும் இரண்டாகப் பிரித்தோம். முதல் எட்டு எழுத்து எனக்குத் தெரியும், அடுத்த எட்டு பெரியவருக்கு. அவர் டைப் செய்யும்போது நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். மறந்துவிட்டால் ஃபைலைத் திறக்க வழியே கிடையாது. அதனால் அவரவர் பாதியைத் தனித்தனிக் கவரில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறோம்.

வீட்டில் பிள்ளைகளும் விருந்தாளிகளும் கம்ப்யூட்டரைத் தொடுவார்கள் என்றால் அவர்களுக்குத் தனி யூசர் அக்கவுண்ட் கொடுங்கள். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ், ஆட் அக்கவுண்ட் என்று செல்லவும். புதிய அக்கவுண்ட் "ஸ்டாண்டர்டு" வகையாகவே உருவாகும். அப்படியே விட்டுவிடவும். அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை உங்களிடம் மட்டும் இருக்கட்டும். சாப்பிட எழுந்தால்கூட விண்டோஸ் கீயுடன் எல் கீயை அழுத்தினால் ஸ்க்ரீன் பூட்டிக்கொள்ளும்.

பழுது பார்க்கக் கொடுப்பதுதான் பாக்கி. கம்ப்யூட்டர் ஓடும் நிலையில் இருந்தால், முக்கிய ஃபோல்டர்களை பென் டிரைவுக்கு மாற்றி, காப்பி திறக்கிறதா என்று பார்த்த பிறகு கம்ப்யூட்டரிலிருந்து அழிக்கவும். ஆனால் சாதாரணமாக அழித்த ஃபைலை மீட்டு எடுக்கும் சாஃப்ட்வேர்கள் உண்டு. எனவே பாஸ்வேர்டு பூட்டை முதலிலேயே போட்டு வைப்பதே நல்லது. எனக்கு ஆனதுபோல் ஆன் ஆகவே இல்லை என்றால், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுக்கலாம். டெஸ்க்டாப்பில் இது நான்கு ஸ்க்ரூ வேலை. டிஸ்க்கே பழுது என்று தோன்றினால் பழுது பார்ப்பவரை வீட்டுக்கு அழைத்து, பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். காபி கொடுத்துப் பேசிக்கொண்டே பார்த்தால் யாருக்கும் மனம் கோணாது.

அந்தப் பையனையே போன மாதம் மறுபடி கூப்பிட்டேன். அவன் வேலை சுத்தம், அதைக் குறை சொல்ல முடியாது. இந்த முறை பெரியவரும் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். சாவி, அறை, நாள் எல்லாவற்றையும் கோயிலில் ஏற்கெனவே மாற்றிவிட்டார்கள். படங்களின் காப்பி ஒன்று புதுச்சேரியில் என் தங்கை வீட்டில் இருக்கிறது. உப்புக் காற்று இங்கே இருக்கும் டிஸ்க்கை என்று தின்னும் என்று தெரியாது அல்லவா?